அடிமை அமைத்த மன்றம்

ஒரு மனிதன் மாண்ட பின் அவன் பெயர் எத்தனை காலம் நிலைக்கும்? மன்னர்கள் கல்லில் பொறித்தார்கள், கல் தேய்ந்தது. செல்வர்கள் மாளிகை எழுப்பினார்கள், மாளிகை கைமாறிற்று. தோல் பதனிடும் தொழிலாளி ஒருவர், அதிலும் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர், 1807 டிசம்பர் திங்களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கண்மூடினார். இரண்டு நூற்றாண்டுகள் கடந்தும் அந்நாட்டின் பல மாநிலங்களில் அவர் பெயரைத் தாங்கிய தலைமை மன்றங்கள் நடைபெறுகின்றன, ஏழை மாணவர்க்குப் படிப்புதவி தருகின்றன, இல்லாதவர்க்கு ஈகின்றன. கல்லும் மாளிகையும் தராத வாழ்வை அவருக்குத் தந்தது எது? அமைப்பு! அவர் கட்டிய அமைப்பு!

அவர் பெயர் பிரின்ஸ் ஹால். பிரின்ஸ் என்றால் இளவரசன் என்று பொருள். பெயரோ இளவரசன், நிலையோ அடிமை! இன்ன ஊரில், இன்ன நாளில் பிறந்தார் என்று எழுதி வைக்க எவரும் இல்லை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் கணக்கு வைத்த உலகம், அடிமையின் பிறந்த நாளுக்குக் கணக்கு வைக்கவில்லை. 1735ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தவர் என்பர். பாஸ்டனில் தோல் பதனிடும் தொழில் நடத்திய வில்லியம் ஹால் என்பவரிடம் அடிமையாக இருந்தார். எசமானின் பெயரே அடிமைக்கும் ஒட்டிக் கொண்டது.

1770 மார்ச் 5ஆம் நாள், பாஸ்டன் தெருவில் திரண்ட மக்கள் மீது ஆங்கிலேயப் படையினர் சுட்டனர். அங்கே வீழ்ந்தவர்களில் முதல்வர் கிரிஸ்பஸ் ஆட்டக்ஸ் என்ற கருப்பின உழைப்பாளி. அந்தக் குருதி காய்ந்து ஒரு திங்கள் ஆனபோது, ஏப்ரல் 9ஆம் நாள், பிரின்ஸ் ஹாலின் கையில் விடுதலைச் சீட்டு கிடைத்தது. முப்பது வயதைத் தாண்டிய பிறகே அந்த மனிதர் தமக்குத் தாமே உரிமையாளர் ஆனார்.

விடுதலை பெற்றவர் என்ன செய்தார்? கற்ற தொழிலைக் கைவிடவில்லை. தோல் பட்டறை வைத்தார்; விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுத்தார்; வரி கட்டும் குடிமகனாக உயர்ந்தார். அமெரிக்க விடுதலைப் போர் நடந்தபோது, 1777ஆம் ஆண்டில், பாஸ்டன் பீரங்கிப் படைக்கு ஐந்து முரசுத் தோல்கள் செய்து கொடுத்துவிட்டு அவர் அனுப்பிய கணக்குச் சீட்டு இன்றும் பேசப்படுகிறது. எண்ணிப் பாருங்கள், தோழர்களே! விடுதலை முரசு முழங்கியது. அந்த முரசுக்குத் தோல் கொடுத்தவரின் இனத்தாருக்கு விடுதலை இல்லை!

இங்கே பிரீமேசன் இயக்கத்தைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். மேசன் என்றால் கொத்தனார். ஐரோப்பாவில் கல்தச்சர்களும் கொத்தர்களும் வைத்திருந்த தொழில்முறைச் சங்கங்களின் பெயரையும் சின்னங்களையும் எடுத்துக் கொண்டு வளர்ந்தது இவ்வியக்கம். மூலைமட்டமும் கவராயமும் அதன் அடையாளம். 1717ஆம் ஆண்டு லண்டனில் அதன் முதல் தலைமை மன்றம் அமைந்தது. கிளை மன்றத்துக்கு 'லாட்ஜ்' என்று பெயர். நம் ஊரில் வழிப்போக்கர் தங்கும் விடுதி அல்ல அது. உறுப்பினர் அனைவரும் உடன்பிறந்தார் என்பதும், நலிந்தவர்க்கு உதவ வேண்டும் என்பதும் அதன் கொள்கை.

மூடிய கதவு, மறைவான சைகை, சடங்கு, ஆண்டவன் நம்பிக்கை என்ற நிபந்தனை, பெண்களுக்கு இடமின்மை ஆகியவை நம் உள்ளத்துக்கு உகந்தவை அல்ல. அதை மறைத்துப் பேசுவது நம் வழக்கமன்று. ஆனால், ஒரு கருவி யார் கையில் எதற்குப் பயன்பட்டது என்று பார்ப்பதுதான் பகுத்தறிவு. செல்வர்கள் கூடிக் களித்த மன்றம், பிரின்ஸ் ஹாலின் கையில் சிக்கியபோது உழைக்கும் மக்களின் பாசறையாயிற்று.

வாஷிங்டன் ஒரு மேசன். பிராங்க்ளின் ஒரு மேசன். பாஸ்டனின் பெருஞ்செல்வர் ஜான் ஹான்காக்கும் ஒரு மேசன். மனிதரெல்லாம் உடன்பிறந்தார் என்று மன்றத்துக்குள்ளே உறுதி எடுத்துக் கொண்டவர்கள்! அவர்களது மன்றங்களோ கருப்பினத்தவருக்குக் கதவு திறக்கவில்லை. பிரின்ஸ் ஹால் கெஞ்சிக் கொண்டு நிற்கவில்லை. வேறு வாசல் தேடினார். பாஸ்டன் துறைமுகத் தீவில் கேசில் வில்லியம் என்ற கோட்டை. அங்கே தங்கியிருந்த ஆங்கிலேயப் படைப்பிரிவினருக்கு அயர்லாந்து மன்றத்தின் இசைவு பெற்ற படைமன்றம் ஒன்று இருந்தது. அதில் அவரும், விடுதலை பெற்ற கருப்பினத்தவர் பதினால்வரும் சேர்த்துக் கொள்ளப்பட்டனர். மேசன் மரபு அந்த நாளை 1775 மார்ச் 6 என்று போற்றுகிறது. உரிமை பேசியவர்கள் மறுத்ததை, ஒடுக்க வந்த படையின் மன்றம் கொடுத்தது. வரலாற்றின் விந்தைகளில் இதுவும் ஒன்று.

அடுத்த ஆண்டே அந்தப் படை பாஸ்டனை விட்டு வெளியேறியது. போகும்போது பதினைவருக்கும் ஒரு சிறு இசைவைத் தந்து சென்றது: கூடிக் கொள்ளலாம், திருநாளில் ஊர்வலம் போகலாம், இறந்த உறுப்பினரை முறைப்படி அடக்கம் செய்யலாம். புதியவர்களைச் சேர்க்கும் உரிமை மட்டும் இல்லை. நடக்கலாம், புதைக்கலாம், வளரத்தான் கூடாது! 1776 ஜூலையில் அந்த இசைவை வைத்துக் கொண்டே 'ஆப்பிரிக்க மன்றம்' தொடங்கப்பட்டது. எட்டு ஆண்டுகள் பொறுத்தார்கள். 1784இல் பிரின்ஸ் ஹால் லண்டன் தலைமை மன்றத்துக்கே எழுதினார். அவ்வாண்டு செப்டம்பர் 29இல் இசைவுப் பத்திரம் கையெழுத்தாயிற்று. கடல் கடந்து அது பாஸ்டன் வந்து சேர்ந்த நாள் 1787 ஏப்ரல் 29. இரண்டரை ஆண்டு! அதன் பின்னரே 459ஆம் எண் கொண்ட முழு உரிமை மன்றமாக அது நிமிர்ந்தது.

பத்திரம் வரட்டும், பிறகு பணி செய்யலாம் என்று அவர்கள் உட்கார்ந்திருந்தார்களா? இல்லை! 1777 சனவரியிலேயே, பிரின்ஸ் ஹால் உள்ளிட்ட எண்மர் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு விண்ணப்பம் கொடுத்தனர். முந்தைய ஆண்டு வெளியான விடுதலைப் பிரகடனத்தின் கருத்தையே எடுத்து, இயற்கை அளித்த உரிமை எங்களுக்கு மட்டும் இல்லையா என்று கேட்டனர். சட்டமன்றம் அடிமை முறையை ஒழிக்கவில்லை. ஆனால் கேட்ட கேள்வி சாகவில்லை. 1783க்குள் குவாக் வாக்கர் என்ற அடிமையின் வழக்கில், அடிமை முறை மாநில அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்று உயர்ந்த நீதிமன்றம் கூறிற்று. 1790 மக்கள் கணக்கெடுப்பில் மாசசூசெட்ஸில் அடிமை ஒருவரும் இல்லை என்று பதிவாயிற்று.

தலைவரைப் போற்றுகிறோம் என்பதற்காக அவரது பிழையை மூடி மறைக்க நாம் விரும்பவில்லை. 1786இல் கடனால் நசுங்கிய ஏழை உழவர்கள் டேனியல் ஷேய்ஸ் தலைமையில் கிளர்ந்தெழுந்தனர். அதை அடக்க எழுநூறு கருப்பினத்தவரைத் தருகிறோம் என்று ஆளுநர் ஜேம்ஸ் போடினுக்கு எழுதினார் பிரின்ஸ் ஹால். ஏழையை அடக்க ஏழையை அனுப்ப முன்வந்தது சரியா? சரியல்ல என்பதே நம் கருத்து. அரசுக்கு உண்மையாயிருந்தால் உரிமை கிடைக்கும் என்று அவர் எண்ணினார் போலும். ஆளுநர் அந்த உதவியை ஏற்கவே இல்லை.

அதற்கு அடுத்த சனவரியில் அவரும் எழுபதுக்கும் மேற்பட்டோரும், ஆப்பிரிக்காவுக்கே திரும்பிச் செல்ல உதவுங்கள் என்று சட்டமன்றத்தைக் கேட்டனர். மனம் எவ்வளவு புண்பட்டிருந்தால் அப்படிக் கேட்டிருப்பார்கள்! அதற்கும் பயனில்லை. அங்கேதான் அவரது வாழ்வின் திருப்பம். போக முடியாது; ஆகவே இங்கேயே மனிதராக வாழ வேண்டும். 1787 அக்டோபரில் புதிய விண்ணப்பம்: வரி மட்டும் எங்களிடம் வாங்குகிறீர்கள், எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி எங்கே? அதையும் மறுத்தார்கள்.

மன்றத்தின் வலிமை வெளிப்பட்டது 1788இல். வேலை இருக்கிறது வாருங்கள் என்று சொல்லி, பாஸ்டன் துறைமுகத்தில் மூன்று கருப்பினத் தொழிலாளரைக் கப்பலில் ஏற்றினார்கள். ஏறியதும் விலங்கு! மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டு சென்று விற்பதற்காகக் கப்பல் பறந்தது. கூலிக்குப் போனவன் வீடு திரும்பவில்லை என்றால் குடிசையில் எழும் ஓலத்தை உழைப்பாளிக்குச் சொல்லித் தர வேண்டுமா? பிப்ரவரியில் ஆப்பிரிக்க மன்றத்தின் விண்ணப்பம் சட்டமன்றத்துக்குச் சென்றது. குவேக்கர் சமயத்தாரும், ஜெரமி பெல்க்னாப் முதலிய பாஸ்டன் குருமாரும் துணை நின்றனர். ஆளுநராயிருந்த ஹான்காக் தீவுகளின் ஆளுநர்களுக்கு மடல் விடுத்தார். மார்ச் 26இல் சட்டம் பிறந்தது. அடிமை வாணிபம் அம்மாநிலத்தாருக்குத் தடை செய்யப்பட்டது. கடத்தப்பட்டோரின் குடும்பம் நிவாரணம் பெற வழி ஏற்பட்டது. சூலைத் திங்களில் மூவரும் உயிரோடு பாஸ்டன் திரும்பினர்! தனி மனிதன் கத்தியிருந்தால் அது கடலோரத்துக் காற்றோடு போயிருக்கும். மன்றம் கேட்டது; சட்டம் வந்தது.

1792இல் சார்ல்ஸ்டவுனிலும் 1797இல் மெனோட்டமியிலும் மன்றத்தாரிடையே அவர் ஆற்றிய உரைகள் துண்டு நூல்களாக வெளிவந்தன. பாஸ்டன் தெருக்களில் தம் மக்கள் அன்றாடம் படும் இழிவைப் பகிரங்கமாகப் பேசினார். பொறுமை காக்கச் சொன்னார். கூடவே, பிரெஞ்சுத் தீவில் அடிமைகள் எழுந்து சங்கிலியை உடைத்த செய்தியையும் நினைவூட்டினார். பொறுமை என்பது அடங்கிக் கிடப்பதல்ல, காலம் பார்த்திருப்பது என்று கேட்டவர்கள் புரிந்து கொண்டனர்.

பள்ளிக் கனவை அவர் விடவே இல்லை. 1796இல் நகர ஆட்சியாளரிடம் மீண்டும் கேட்டார். கருத்து நல்லதுதான், கட்டடம் இல்லையே என்றனர். கட்டடம் இல்லையா? வீடு இருக்கிறதே! 1798இல் பிரைமஸ் ஹால் என்பவரின் வீட்டில் கருப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கியது. பின்னர் அது அவர்கள் தாமே கட்டிய ஆப்பிரிக்கக் கூட்ட மனைக்கு இடம் பெயர்ந்தது. வெள்ளையர் பள்ளியில் இடம் கேட்டுப் பெண் குழந்தை ஒருத்திக்காக நடந்த வழக்கு தோற்றது. 1855இல் பள்ளிகளில் நிறப் பிரிவினையைத் தடுத்து மாசசூசெட்ஸ் சட்டம் செய்தது. 1787 விண்ணப்பத்திலிருந்து கணக்கிட்டால் 68 ஆண்டுகள்! விதைத்தவர் அறுவடையைக் காணவில்லை. ஆனால் விதைத்தவர் அவர்தான்.

1797இலேயே பிலடெல்பியாவிலும் பிராவிடன்சிலும் கிளை மன்றங்களுக்கு அவர் இசைவு அளித்தார். அவர் மறைந்த மறு ஆண்டு தோழர்கள் ஆப்பிரிக்கத் தலைமை மன்றத்தை அமைத்தனர். 1813இல் இங்கிலாந்தின் இரு தலைமை மன்றங்களும் ஒன்றானபோது ஆப்பிரிக்க மன்றத்தின் பெயர் அங்கே பட்டியலிலிருந்து நீங்கியது. அவர்கள் அழவில்லை; 1827இல் தனித்து இயங்குவதாக அறிவித்தனர். 1847இல் தலைமை மன்றத்துக்கு நிறுவியவரின் பெயரையே சூட்டினர். அமெரிக்க வெள்ளையர் தலைமை மன்றங்கள் பல இவர்களை ஒப்புக்கொள்ள 1989வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு கனெக்டிகட் முதல் அடி எடுத்து வைத்தது. இங்கிலாந்துத் தலைமை மன்றம் 1994இல் ஒப்புதல் தந்தது. ஒப்புதல் வருமட்டும் பணி நின்றதா? ஒரு நாளும் இல்லை.

அந்தப் பாசறையில் பயின்றவர் யார் யார்? 1829இல் அடிமை முறையைச் சாடிச் சூடான நூல் எழுதிய டேவிட் வாக்கர் அங்கே உறுப்பினர். படுக்கை வசதி ரயில் பெட்டிகளில் பணி புரிந்த கருப்பினத் தொழிலாளருக்கு 1925இல் சங்கம் கண்டு, பன்னிரண்டு ஆண்டு போராடி, 1937இல் புல்மன் முதலாளிகளை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்த பிலிப் ராண்டால்ப் அந்த மரபினர். 1954இல் பள்ளிப் பிரிவினையை உச்ச நீதிமன்றத்தில் தகர்த்த வழக்கறிஞர் தர்குட் மார்ஷலும் அந்த மரபினரே. அவர் நடத்திய வழக்குப் போருக்கு மேசன்கள் திரட்டிய நிதி கை கொடுத்தது. மிசிசிப்பியில் 1963இல் சுட்டுக் கொல்லப்பட்ட மெட்கர் எவர்ஸ் பணியாற்றிய அலுவலகம் மேசன் மன்றக் கட்டடத்தில்தான் இருந்தது. அவருக்கு இறுதி மரியாதை நடந்ததும் அங்கேயே. அட்லாண்டாவில் மார்ட்டின் லூதர் கிங் இயக்கத்தின் அலுவலகமும் பிரின்ஸ் ஹால் மன்றக் கட்டடத்தில் இயங்கியது.

இதுதான் நாம் சொல்ல வந்தது. கணக்கு எழுதக் கற்றான், தீர்மானம் கொண்டுவரக் கற்றான், மாற்றுக் கருத்தைப் பொறுமையோடு கேட்கக் கற்றான், பதவிக்காலம் முடிந்ததும் நாற்காலியை விட்டு எழக் கற்றான். நாட்டின் ஆட்சி மன்றங்களில் நுழைய முடியாத மக்கள், தங்கள் சிறு மன்றத்தில் ஆளக் கற்றுக் கொண்டனர். ஈகையும் அங்கே பிச்சையாக இருக்கவில்லை. உறுப்பினர் காசு உறுப்பினரின் விதவைக்குப் போயிற்று.

கிளைக் கூட்டத்துக்கு ஏழு பேர்தானே வந்தார்கள் என்று சோர்ந்து போகும் செயலாளரே, பிரின்ஸ் ஹால் தொடங்கியபோது பதினைந்து பேர்! மனு கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்தது என்று சலித்துக் கொள்ளும் தோழரே, அவர் கொடுத்த மனுக்களில் பெரும்பாலானவை அவர் கண்முன்னே தோற்றன! படிப்பகத்துக்கு இடமில்லையே என்று கலங்குபவரே, அவர்களது பள்ளி ஒரு வீட்டில் தொடங்கியது!

பாஸ்டனில் காப்ஸ் ஹில் இடுகாட்டில் அந்தத் தோல் தொழிலாளி துயில்கிறார். அவர் செய்து கொடுத்த முரசுத் தோல்கள் எப்போதோ கிழிந்து போயிருக்கும். அவர் கட்டிய மன்றத்தின் முரசு இன்றும் ஒலிக்கிறது. தோழர்களே, மன்றத்தைக் கட்டுங்கள். மனிதர் மறைந்தாலும் அது நிற்கும்!