ஏடு படித்த மோட்டார் மன்னர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

மோட்டார் வண்டிகளின்மேல் பற்றுக் கொண்டவர்களுக்கென்று ஒரு தனி வழக்கம் உண்டு. வண்டி வாங்கக் கையில் பணம் இருக்கிறதோ இல்லையோ, வண்டியைப் பற்றிய இதழ் ஒன்று கிடைத்துவிட்டால் அட்டை முதல் அட்டை வரை படித்துவிடுவார்கள். எந்த வண்டிக்கு எத்தனை சிலிண்டர், எத்தனை குதிரைத்திறன், ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். நம் விடுதியிலும் இத்தகைய நண்பர்கள் பலர் உண்டு. அவர்களுள் நானும் ஒருவன். பாடநூலை மூடி வைத்துவிட்டு இவற்றைப் படிப்பது வீண் பொழுது என்று பெரியவர்கள் சிலர் கருதுகிறார்கள். அவர்களுக்கு விடை கூறும் முகமாக ஒருவருடைய வாழ்க்கையை இங்கே சொல்ல விரும்புகிறேன். அவர்தாம் அமெரிக்க மோட்டார் தொழிலதிபர் ஹென்றி ஃபோர்டு. அவர் வாழ்க்கையின் ஒரு பாதி நம் கட்சிக்குச் சான்றாக நிற்கிறது. மறுபாதி நமக்கே எச்சரிக்கையாக நிற்கிறது. இரண்டையும் மறைக்காமல் சொல்வதே முறை.

பண்ணையில் பிறந்த சிறுவன்

ஃபோர்டு 1863 ஜூலை 30 அன்று மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரை அடுத்த டியர்பார்னுக்கு அருகே ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் வில்லியம், அயர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர். ஊர்ப் பள்ளியில், அக்காலத்து அமெரிக்கப் பிள்ளைகள் பெரும்பாலோர் படித்த மக்கஃபி வாசக நூல்களை ஃபோர்டும் படித்தார். எழுத்தும் வாசிப்பும் கணக்கும் வந்தன. அதற்குமேல் பள்ளிப் படிப்பு என்று பெரிதாக இல்லை.

1876-இல் தாயார் மறைந்தார். அப்போது ஃபோர்டுக்கு வயது 12. அதே ஆண்டுக் கோடையில் தந்தையுடன் குதிரை வண்டியில் டெட்ராய்ட்டுக்குப் போகும் வழியில், குதிரை பூட்டாமல் தன் நீராவியாலேயே சாலையில் ஊர்ந்து வந்த இயந்திரம் ஒன்றைக் கண்டார். தந்தை என்னவென்று அறியும் முன்பே வண்டியிலிருந்து இறங்கி ஓடி, அதை ஓட்டி வந்தவரிடம் கேள்விமேல் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார். அந்தக் கேள்விகள் பின்னர் அவரை ஏர் பிடிக்க விடவில்லை. 1879-இல் 16 வயதில் டெட்ராய்ட் சென்று இயந்திரப் பட்டறையிலும், பிறகு கப்பல் பட்டறையிலும் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தார். வருமானம் போதாமல் இரவு நேரங்களில் கடிகாரம் பழுதுபார்த்தார்.

அச்சில் கண்ட இயந்திரம்

பட்டறைக்கு இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்க நகரங்களிலிருந்தும் தொழில்நுட்ப இதழ்கள் வந்துகொண்டிருந்தன. அவற்றுள் ‘வேர்ல்டு ஆஃப் சயன்ஸ்’ என்ற ஆங்கிலேய இதழில், ஜெர்மானியரான நிக்கோலஸ் ஓட்டோ அமைத்த வாயு இயந்திரத்தைப் பற்றி ஃபோர்டு படித்தார். நாம் வெப்பவியலில் ஓட்டோ சுழற்சி என்று படம் வரைந்து மதிப்பெண் பெறுகிறோமே, அதே நான்கடிப்பு இயந்திரந்தான். அது விளக்கு வாயுவால் இயங்கியது. விளக்கு வாயுவுக்குப் பதிலாகப் பெட்ரோல் ஆவியைப் பயன்படுத்த எவரேனும் வழி கண்டார்களா என்பதையே தாம் ஒவ்வோர் இதழிலும் தேடிக்கொண்டிருந்ததாக, 1922-இல் வெளியான தம் வாழ்க்கை நூலில் அவர் குறித்திருக்கிறார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். படித்ததோடு அவர் நிற்கவில்லை. 1885-இல் டெட்ராய்ட்டில் பழுதுபட்ட ஓட்டோ இயந்திரம் ஒன்றைச் சீர்செய்து கொடுத்தார். 1887-இல் அதே போன்ற சிறு இயந்திரம் ஒன்றைத் தாமே செய்து பார்த்தார். அதை விற்பதற்காகச் செய்யவில்லை. தாம் படித்தது தமக்கு விளங்கியிருக்கிறதா என்று அறிவதற்காகவே செய்தார். நம் ஆய்வக ஏட்டில் எழுதும் சொல்லால் கூறினால், அச்சிட்ட செய்தியை அவர் சரிபார்த்தார்.

அடுக்களையில் ஒரு சோதனை

1888-இல் கிளாரா பிரையண்ட் என்ற நங்கையை மணந்தார். 1891-இல் டெட்ராய்ட்டில் இருந்த எடிசன் மின்விளக்கு நிறுவனத்தில் பொறியாளர் வேலை கிடைத்தது. 1893 கிறிஸ்துமஸ் முந்தைய நாள் இரவு, சமையல் வேலையில் மூழ்கியிருந்த கிளாராவின் அடுக்களைக்குள் ஒரு சிறு இயந்திரத்தைத் தூக்கி வந்தார். அதன் சிலிண்டர் வாயுக்குழாயின் துண்டு. சக்கரம் பழைய கடைசல் இயந்திரத்தினுடையது. பாத்திரம் கழுவும் தொட்டியில் அதைப் பொருத்தி, வீட்டு மின்சாரத்திலிருந்து பொறிக்கு இணைப்புக் கொடுத்தார். கிளாரா பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக விட்டார். இரண்டு மாதமும் நிரம்பாத குழந்தை எட்செல் அருகில் உறங்கிக்கொண்டிருந்தான். புகையும் நெருப்புமாக இயந்திரம் ஓடிற்று.

அப்போது மோட்டார் இதழ்களின் காலமும் பிறந்துகொண்டிருந்தது. 1895-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ‘ஆட்டோகார்’ இதழும், நியூயார்க்கில் ‘ஹார்ஸ்லெஸ் ஏஜ்’ இதழும் தொடங்கின. முன்னது இன்றும் வெளிவருகிறது. அதே நவம்பர் 28-ஆம் நாள் சிகாகோவில் ஒரு நாளிதழே மோட்டார் பந்தயம் நடத்திற்று. பனி மூடிய சாலையில் டூரியே சகோதரர்களின் வண்டி வென்றது. சாலையில் ஓடும் வண்டிகளைவிட அவற்றைப் பற்றிப் படிப்போர் பன்மடங்கு மிகுந்திருந்த காலம் அது! வண்டி இல்லாமல் இதழ் படிக்கும் நமக்கு அப்போதே முன்னோர்கள் இருந்திருக்கிறார்கள்.

அந்தப் பனிக்காலத்தில்தான் ‘அமெரிக்கன் மெஷினிஸ்ட்’ இதழில் எளிய பெட்ரோல் இயந்திரம் ஒன்றின் அமைப்பு விளக்கப்பட்டது. அது ஃபோர்டின் கண்ணில் பட்டது. வீட்டின் பின்கட்டில் இரவு இரவாக வேலை நடந்தது. 1896 ஜூன் 4 விடியற்காலையில் முதல் வண்டி முடிந்தது. சைக்கிள் சக்கரங்கள் நான்கு, திருப்புவதற்கு ஒரு கைப்பிடி, இரண்டே வேகம்; பின்னோக்கிச் செல்லும் வசதி கிடையாது. வெளியே கொண்டுவர முயன்றபோது கதவு குறுகலாக இருந்தது. கோடரியால் செங்கற்சுவரை இடித்து வழி செய்தார்கள்.

மக்கள் வண்டி

முதல் நிறுவனம் கலைந்தது. இரண்டாவதிலிருந்து அவரே வெளியேறினார். 1903 ஜூன் 16 அன்று தொடங்கிய ஃபோர்டு மோட்டார் கம்பெனியே நிலைத்தது. 1908-இல் ‘மாடல் டி’ வண்டி 850 டாலர் விலையில் வந்தது. 1913-இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் கோர்வை முறை புகுந்தது. 12 மணி நேரத்துக்கு மேல் பிடித்த அடிச்சட்ட வேலை, 1914-இல் 1 மணி 33 நிமிடமாகக் குறைந்தது. அதே ஆண்டு நாள் ஒன்றுக்கு 5 டாலர் வருவாய் அறிவிக்கப்பட்டது. அது முந்தைய கூலியைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. 1920-களின் நடுவில் மலிவான மாடல் டி வண்டியின் விலை 260 டாலருக்கு இறங்கியது. 1927-இல் அதன் உற்பத்தி முடிந்தபோது 1 கோடியே 50 லட்சம் வண்டிகள் வெளிவந்திருந்தன.

அந்த நாட்களில் ‘எஞ்சினியரிங் மேகசின்’ என்ற இதழின் கட்டுரையாளர்களை ஆலைக்குள் விட்டு, ஒவ்வொரு வேலையையும் அளந்து எழுதிக்கொள்ள ஃபோர்டு இடம் கொடுத்தார். கட்டுரைகள் தொடராக வந்து 1915-இல் நூலாயின. பட்டறையில் இதழ் படித்துத் தொழில் கற்ற ஒருவர், உலகத்துப் பட்டறைகளெல்லாம் படிப்பதற்குத் தம் தொழிலைத் திறந்து வைத்தார். அவர் வாழ்வில் எனக்கு மிகவும் பிடித்த செயல் இதுவே.

நீதிமன்றத்தில் ஒரு கேள்வி

1916-இல் ‘சிகாகோ டிரிபியூன்’ நாளிதழ் ஃபோர்டை அராஜகவாதி என்று எழுதிற்று. பத்து லட்சம் டாலர் கேட்டு அவர் மானநட்ட வழக்குத் தொடுத்தார். 1919-இல் மவுண்ட் கிளமென்ஸ் நகரில் விசாரணை நடந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவரைச் சாட்சிக் கூண்டில் வைத்துக்கொண்டு பள்ளிப் பிள்ளையிடம் கேட்பதுபோல் வரலாற்றுக் கேள்விகள் கேட்டார். அமெரிக்கப் புரட்சி நடந்த ஆண்டு அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. புகழ்பெற்ற தேசத்துரோகியான பெனடிக்ட் ஆர்னால்டை ஓர் எழுத்தாளர் என்று சொன்னார். ஒரு பகுதியை வாய்விட்டுப் படிக்கும்படி கேட்டபோது, மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை என்று கூறித் தவிர்த்துவிட்டார். அவருக்குப் படிக்கவே தெரியாதோ என்று ஊர் பேசிற்று. வழக்கில் அவர் வென்றார். கிடைத்த இழப்பீடோ வெறும் ஆறு சென்ட்.

இந்தப் பகுதியைப் படித்தபோது என்னால் சிரிக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் தந்தையார் வங்கியில் படிவத்தை நீட்டினால், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டதாகச் சொல்லிப் பக்கத்தில் நிற்பவரை எழுதித் தரச் சொல்வார். அவரிடம் கண்ணாடியே கிடையாது. எழுத்து வராத ஒருவரைப் பலர் முன்னிலையில் படிக்கச் சொல்வது எத்தகைய கொடுமை என்பது எங்களைப் போன்ற வீடுகளுக்குத் தெரியும். அன்றைய அமெரிக்கச் சிற்றூர் மக்கள் பலரும் ஃபோர்டின் பக்கமே நின்றார்கள் என்பதில் வியப்பில்லை.

ஆனால் ஃபோர்டு எழுத்தறியாதவர் அல்லர். இயந்திரப் படத்தை வரி விடாமல் படிக்கத் தெரிந்தவர். தம் தொழிலுக்கு அப்பாற்பட்டதைப் படித்து அறிய வேண்டியதில்லை என்று எண்ணியவர். அது அவரோடு நின்றிருந்தால் அது அவர் சொந்த விருப்பம் என்று விட்டுவிடலாம். அப்படி நிற்கவில்லை.

சொந்தப் பத்திரிகை

1918-இன் இறுதியில் ‘டியர்பார்ன் இண்டிபென்டன்ட்’ என்ற உள்ளூர் வார இதழை ஃபோர்டு விலைக்கு வாங்கினார். 1920 மே மாதம் முதல் அதில் யூத மக்களைப் பழித்துரைக்கும் கட்டுரைகள் தொடர்ந்து 91 வாரம் வந்தன. போருக்கும் பஞ்சத்துக்கும் பணநெருக்கடிக்கும் யூதர்களின் சதியே காரணம் என்று அவை கூறின. போலியென்று 1921-இல் மெய்ப்பிக்கப்பட்ட ஓர் ஆவணமே அவற்றுக்குப் பெரும் ஆதாரம். கட்டுரைகளை எழுதியவர்கள் வேறு; பணமும் பெயரும் ஃபோர்டுடையவை. அவருடைய வண்டி விற்பனையாளர்கள் வண்டியோடு இதழுக்கும் சந்தா சேர்க்க வேண்டியிருந்தது. கட்டுரைகள் நூலாகத் தொகுக்கப்பட்டு ஜெர்மன் மொழியிலும் பரவின. ஹிட்லர் தம் நூலில் ஃபோர்டைப் போற்றினார். வழக்கறிஞர் ஆரன் சபீரோ தொடுத்த வழக்கின் விளைவாக 1927-இல் ஃபோர்டின் பெயரில் மன்னிப்புக் கடிதம் வெளியாயிற்று. ஆண்டு இறுதியில் இதழும் நின்றது. எனினும் 1938-இல் தம் 75-ஆம் பிறந்த நாளில் நாஜி அரசு அளித்த விருதை அவர் ஏற்றுக்கொண்டார்.

பள்ளிப் படிப்புக் குறைந்ததால் இப்படி ஆயிற்று என்று சிலர் கூறலாம். நான் ஒப்பமாட்டேன். அதே வெறுப்பைப் பட்டம் பெற்ற பேராசிரியர்களும் மருத்துவர்களும் அந்நாளில் சுமந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ பேர் அதைச் சுமக்காமல் வாழ்ந்து மறைந்தார்கள். குறை வேறோரிடத்தில் இருக்கிறது. ஓட்டோ இயந்திரத்தைப் பற்றிப் படித்தபோது, ஓட வைத்துப் பார்க்காமல் நம்பாத மனிதர் அவர். மக்களைப் பற்றி அச்சில் வந்ததை மட்டும் சோதிக்காமல் நம்பினார். நம்பியதை லட்சக்கணக்கில் அச்சிட்டும் பரப்பினார். தவறான இயந்திரம் ஓடாமல் நின்று தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். தவறான கட்டுரை அப்படி நிற்பதில்லை. அது நன்றாகவே ஓடும்.

முதுமையில் அவர் டியர்பார்னில் பழம்பொருள்களையும் பழைய கட்டடங்களையும் திரட்டிப் பெரிய காட்சியகம் அமைத்தார். மக்கஃபி வாசக நூல்களையும் மறுபதிப்புச் செய்தார். 1943-இல் மகன் எட்செல் தந்தைக்கு முன்பே மறைந்தார். 1947 ஏப்ரல் 7 இரவு, வெள்ளத்தால் மின்சாரம் நின்றிருந்த வீட்டில், எண்ணெய் விளக்கும் மெழுகுவர்த்தியும் எரிய, ஃபோர்டு தம் 83-ஆம் வயதில் காலமானார்.

நாம் கொள்ள வேண்டியது

மோட்டார் இதழ் படிப்பது வீண் என்போருக்கு, அடுக்களையில் ஓடிய அந்த இயந்திரமே போதிய விடை. ஆனால் நண்பர்களே, நாம் எப்படிப் படிக்கிறோம்? ஒரு வண்டி லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று ஓர் இதழில் காண்கிறோம். அதை அளந்தவர் யார், எந்தச் சாலையில், எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு அளந்தார், அடுத்த பக்கத்தில் அதே வண்டிக்கு விளம்பரம் இருக்கிறதா என்று பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? ஆய்வகத்தில் ஒரு கம்பியின் தடிமனைக் காண ஐந்து இடங்களில் அளந்து சராசரி எடுக்கிறோம். கைப்பேசியில் ஒரு சாதியைப் பற்றியோ, ஒரு மதத்தைப் பற்றியோ, ஓர் ஊராரைப் பற்றியோ செய்தி வந்தால் ஒரு முறைகூட அளக்காமல் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். ஃபோர்டுக்கு அதைச் செய்ய ஓர் அச்சகம் தேவைப்பட்டது. நமக்கு அதுவும் தேவையில்லை.

ஆகவே பாடநூலுக்கு வெளியே நிறையப் படிப்போம். படிப்பது இயந்திரத்தைப் பற்றியதாயினும் மனிதரைப் பற்றியதாயினும் அதே திருகளவியைக் கையில் வைத்துக்கொண்டு படிப்போம். நம் ஆசிரியர்களும் மோட்டார் இதழோடு நம்மைக் கண்டால், பிடுங்கி வைக்காமல், அதில் உள்ளது சரிதானா என்று ஒரு கேள்வி கேட்டு அனுப்புவார்களாக.