எத்தீம் பிள்ளைகளின் தந்தை: டாக்டர் கோர்ச்சாக்

எத்தீம் பிள்ளைக்குச் சோறும் துணியும் கொடுத்தால் கடமை முடிந்தது என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். அப்பிள்ளையின் மனத்தையும் பேணிய ஒரு பெரியாரின் வாழ்வை ஈண்டுக் காண்போம்.

போலந்து நாட்டின் வார்சா நகரில், யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர் யானுஷ் கோர்ச்சாக். ஹென்ரிக் கோல்ட்ஷ்மித் என்பது இயற்பெயர். வழக்கறிஞரான தந்தை நோயுற்று 1896-இல் காலமானார். பள்ளி மாணவரான மகன், பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கினார். பின்னர் மருத்துவரானார், எழுத்தாளராகவும் புகழ் பெற்றார். நல்ல வருமானத்துக்கு வழியிருந்தும், 1912-இல் குரோக்மால்னா வீதியில் திறக்கப்பட்ட அனாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். ஸ்டெபானியா வில்ச்சின்ஸ்கா அம்மையார் அவருக்கு இறுதிவரை துணை நின்றார்.

புதிதாக வரும் பிள்ளை அஞ்சி ஒடுங்கும் என்பதை அன்னார் அறிவார். ஆகவே மூத்த பிள்ளை ஒன்றை அதற்குத் துணையாக அமர்த்தினார். வாய்திறந்து சொல்லக் கூசுவதை எழுதிப் போட ஒரு கடிதப் பெட்டி வைத்தார். பிள்ளைகளின் சச்சரவுகளைத் தீர்க்கப் பிள்ளைகளே நீதிபதிகளாக அமரும் மன்றம் அமைத்தார். அதன் சட்டத்தில் பெரும்பகுதி மன்னிப்பையே கூறியது. டாக்டரும் அம்மன்றத்தின் முன் நின்றதுண்டு! சண்டைக்காரச் சிறுவனிடம், இந்த வாரம் சண்டையை இத்தனையாகக் குறைப்பாயா என்று மிட்டாய்ப் பந்தயம் கட்டுவார். ஒரே நாளில் திருந்தும்படி எவரையும் அவர் கேட்டதில்லை.

1940-இல் நாஜிகள் அவ்வில்லத்தை, யூதர்களை அடைத்து வைத்த சுவர்களுக்குள் விரட்டினர். அங்கே பசியும் பிணியும் மிகுந்தன. டாக்டர் வீடு வீடாகச் சென்று உணவு யாசித்தார். தப்பிச் செல்ல நண்பர்கள் வழி செய்தபோதும் மறுத்துவிட்டார். 1942 ஆகஸ்டில் ஏறத்தாழ 200 பிள்ளைகளுடன் டிரெப்ளிங்கா கொலைக்களத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். வில்ச்சின்ஸ்கா அம்மையாரும் உடன் சென்றார். அவர்களில் எவரும் திரும்பவில்லை. ஏற்கெனவே ஒருமுறை பெற்றோரை இழந்த பிள்ளைகளை இன்னொரு முறை கைவிட அவர் உடன்படவில்லை.

1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையை முதலில் முன்மொழிந்தது அவர் பிறந்த போலந்து நாடே.

வணிகப் பெருமக்களே! எத்தீமின் பொருளுக்குக் கணக்கு வைக்க நாம் அறிவோம். நம் பொறுப்பில் வளரும் பிள்ளை இன்று யாரிடம் மனம்விட்டுப் பேசியது என்பதையும் அக்கணக்கில் சேர்ப்போமாக.