பன்னிரண்டு கட்டில்

இந்த இதழ்ல ஒரு பெரிய மனுஷியோட கதை. ஆனா அதை ஒரு போட்டோவில இருந்து ஆரம்பிக்கிறேன்.

வீட்ல குட்டிப் பாப்பா இருந்தா போன்ல போட்டோ எடுத்துத் தள்ளுவீங்க. பிளாஷ் அடிச்சா சில சமயம் ரெண்டு கண்ணும் சிவப்பா விழும். அது சாதாரணம். ஒரு கண்ணு மட்டும் பூனைக்கண் மாதிரி வெள்ளையா மினுங்குச்சுன்னா கேமரா கோளாறுன்னு அழிச்சுடாதீங்க, உடனே கண் டாக்டர்கிட்ட காட்டுங்க. அது ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோயாக இருக்கலாம். பெரும்பாலும் 5 வயசுக்குள்ள வர்ற நோய் இது. கட்டி கண்ணுக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடிச்சா குழந்தை பிழைச்சுக்கும். விட்டுட்டா பார்வை நரம்புதான் அதுக்குப் பாதை. நம்ம இ.இ.இ. பசங்க பாஷையில சொன்னா, கேபிள் வழியாவே மூளைக்குப் போயிடும். மூளையையும் தண்டுவடத்தையும் சுத்தி இருக்கிற நீர்லயும் பரவிடும். அதுக்கப்புறம் காப்பாத்துறது இன்னைக்கும் ரொம்பக் கஷ்டம்.

சரி, 1950க்கு முன்னாடி காரைக்குடிப் பக்கத்துல ஒரு குழந்தைக்கு இது வந்திருந்தா? புற்றுநோய்க்குன்னே ஒரு தனி ஆஸ்பத்திரி அப்போ சென்னையிலகூட கிடையாது. அதைக் கட்டியவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். திருமயம் வழியா பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துல இறங்குறோமே, அந்தப் புதுக்கோட்டையில் 1886 ஜூலை 30 அன்று பிறந்த முத்துலட்சுமி.

அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், இசை வேளாளர் குலம். அந்தப் பிறப்பை வைத்து ஊர் பேசியதெல்லாம் சின்ன வயசிலேயே அவர் காதில் விழுந்தது. பிற்பாடு தேவதாசி முறையை ஒழிக்க அவர் நின்ற விதத்துக்கு வேர் அங்கேதான் இருக்குன்னு எனக்குத் தோணும். அந்தக் கதை பாடப்புத்தகத்திலேயே வந்துடுச்சு, விடுங்க.

ஆம்பளப் பசங்க மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் அவருக்கு இடம் கொடுக்க எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு அனுமதித்தார். 1907ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912ல் டாக்டராக வெளியே வந்தார். 1914ல் டாக்டர் சுந்தர ரெட்டியோடு கல்யாணம்.

அவர் வாழ்க்கையைத் திருப்பியது 1923. தங்கை சுந்தரம்பாளுக்கு உடம்பு சரியில்லை. சாதாரண வயிற்றுக்கடுப்புன்னு நினைச்சு வைத்தியம் பார்த்தாங்க. உண்மையில் அது மலக்குடல் புற்றுநோய். தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது. கூடப்பிறந்தவளே டாக்டர், ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருக்க முடிந்தது. இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு வேற வேலை ஓடலை.

1925ல் மேல்படிப்புக்கு லண்டன் போனவர் அங்கே புற்றுநோய் மருத்துவமனையையும் பார்த்துவிட்டு வந்தார். சட்டசபைத் துணைத் தலைவர் பதவி, காந்தி கைதானதும் அதை ராஜினாமா செய்தது, அவ்வை இல்லம் என்று எத்தனையோ வேலைகள் நடுவில். 1935ல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்று மேடையில் கேட்டார். அரசாங்கம் அசையவில்லை. புற்றுநோய் வந்தால் சாகத்தானே போகிறார்கள், அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று ஒரு அமைச்சரே கேட்டாராம். பெரியவங்க அன்னைக்கு நினைச்சது அதுதான்.

அவர் துண்டு ஏந்தாத குறையாக வசூலில் இறங்கினார். இந்திய மாதர் சங்கம் கூட நின்றது. நம்ம செக்ரிக்கு 1948ல் அடிக்கல் நாட்டிய அதே நேரு, 1952 அக்டோபர் 10ல் அடையாறுக்கும் வந்து நாட்டினார். 1954 ஜூன் 18ல் ஆஸ்பத்திரி திறந்தது. மொத்தம் 12 கட்டில். மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். அடுத்த வருஷம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார், கடைசிவரை போகவே இல்லை.

ஐம்பதுகளிலேயே கோபால்ட்-60 கதிர்வீச்சு இயந்திரத்தையும் கொண்டு வந்துட்டாங்க. கோபால்ட்டின் அரை ஆயுள் சுமார் 5.27 வருஷம். அதாவது வாங்கி வைத்த மருந்து தானாகவே தேய்ந்துகொண்டே வரும், அதே டோஸ் கொடுக்க நேரம் கூடிக்கிட்டே போகும், கடைசியில் புதுசு வாங்கணும். நன்கொடையில் ஓடுகிற ஆஸ்பத்திரி இதை இழுத்துக்கொண்டு போனதை நினைச்சுப் பாருங்க.

1960ல் குழந்தைகளுக்கென்றே தனிப் புற்றுநோய் வார்டு திறந்தது. இந்தியாவில் அதுதான் முதல். கண் புற்றுக்கு அந்தக் காலத்தில் கையில் இருந்தவை ரெண்டே வழி. கண்ணை எடுப்பது, அல்லது கதிர்வீச்சு. எந்தப் பெற்றோரும் கண்ணை எடுக்கச் சட்டென்று சம்மதிக்க மாட்டாங்க. ஒரு கண்ணைக் கொடுத்தால்தான் உயிர் மிஞ்சும்னு அவங்ககிட்ட பொறுமையா உட்கார்ந்து பேசுறதுக்காவது இப்போ ஒரு இடம் இருந்தது. வார்டு திறந்தபோது முத்துலட்சுமிக்கு 74 வயசு ஆகிக்கொண்டிருந்தது.

1968 ஜூலை 22ல் காலமானார். இந்தக் கண் புற்றுக்குக் காரணமான ஆர்.பி.1 மரபணுவைப் பிரித்தெடுத்தது 1986ல். அவர் பிறந்து சரியாக நூறு வருஷம் கழித்து.