துணி வெளுத்த வீட்டுப் பொண்ணு தொடங்கின வங்கி

பிள்ளைகளுக்குச் சேமிப்புப் பழக்கம் சொல்லிக் கொடுப்பது பற்றி இந்த மலரில் எழுதச் சொன்னார்கள். அதற்கு மேகி லீனா வாக்கர் அம்மாவின் வாழ்க்கையை விட நல்ல பாடம் எனக்குத் தெரியலை. அவர் அமெரிக்காக்காரர். இறந்து 90 வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா அவர் செய்த வேலையைக் கேட்டால் நம்ம குழு வேலை மாதிரியே இருக்கும்.

மேகி 1864-ல் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம் ரிச்மண்ட் நகரத்தில் பிறந்தார். கறுப்பின மக்களை ஆடு மாடு மாதிரி விலைக்கு வாங்கி விற்ற காலம் அப்போதுதான் முடிகிற நேரம். மேகியின் அம்மா எலிசபெத் அப்படி அடிமையாக இருந்தவர். பிறகு ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலைக்கு உதவியாக இருந்தார். மேகியை வளர்த்த அப்பா ஒரு ஓட்டலில் பரிமாறும் வேலை செய்தவர். 1876-ல் அவர் ஆற்றில் பிணமாகக் கிடைத்தார். வீட்டில் சம்பாதிக்க வேற ஆள் இல்லை. அம்மா ஊரார் துணிகளை வாங்கி வெளுத்துக் கொடுத்துப் பிழைத்தார். மேகிக்கு அப்போ சின்ன வயசுதான். துணிக்கூடையைத் தூக்கிக்கிட்டு வெள்ளைக்காரர் வீடுகளுக்குப் போய்க் கொடுத்து வருவது அந்தப் பொண்ணு வேலை. தம்பியையும் பார்த்துக்கணும், பள்ளிக்கூடமும் போகணும். ஒவ்வொரு காசுக்கும் அம்மா எவ்வளவு துணி துவைக்கிறாங்க என்று கண்ணால் பார்த்து வளர்ந்த பிள்ளை அது.

1883-ல் படிப்பை முடித்து ஆசிரியை ஆனார். பாடம் நடத்திக்கொண்டே கணக்கு எழுதவும் படித்தார். 1886-ல் ஆர்ம்ஸ்டெட் வாக்கர் என்பவரைக் கல்யாணம் செய்தார். கல்யாணம் ஆன பெண்கள் டீச்சர் வேலையில் இருக்கக் கூடாது என்பது அங்கே அந்தக் காலத்துப் பள்ளிக்கூட விதி. அதனால வேலை போச்சு. ஆனா அவர் வீட்டோடு முடங்கிவிடவில்லை.

சின்ன வயசிலேயே அவர் செயின்ட் லூக் என்ற சங்கத்தில் சேர்ந்திருந்தார். அந்தச் சங்கத்தை 1867-ல் ஆரம்பித்ததும் ஒரு பெண்தான். உறுப்பினர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தா கட்டுவார்கள். யாருக்காவது நோய் வந்தால் பணம் கொடுப்பார்கள், இறந்தால் அடக்கச் செலவைப் பார்த்துக்கொள்வார்கள்.

1895-ல் மேகி அந்தச் சங்கத்தில் பிள்ளைகளுக்கென்று தனிப் பிரிவு ஏற்படுத்தினார். ஊருக்கு ஊர் பெண்கள் பொறுப்பெடுத்து அந்தப் பிள்ளைகளை நடத்தினார்கள். நல்ல பழக்கம், சிக்கனம், சேமிப்பு எல்லாம் அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். வங்கி தொடங்குவதற்கு 8 வருஷம் முன்னாடியே அவர் பிள்ளைகளிடம் இருந்து ஆரம்பித்துவிட்டார் என்பதைக் கவனிக்கணும்.

1899-ல் சங்கத்தின் தலைமைச் செயலாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. அப்போ கையிருப்பு 31 டாலரும் 61 செண்ட்டும்தான். கடனோ 400 டாலர். இந்த நிலைமையில் வேற யாராவது இருந்தால் சங்கத்தை மூடியிருப்பார்கள். மேகி அம்மா புது உறுப்பினர்களைச் சேர்த்தார், 1902-ல் ஒரு பத்திரிகை தொடங்கினார். 1903 நவம்பர் 2-ஆம் தேதி செயின்ட் லூக் பென்னி சேமிப்பு வங்கியைத் திறந்தார். அமெரிக்காவில் வங்கி தொடங்கித் தலைவராக இருந்த முதல் கறுப்பினப் பெண் அவர்தான்.

பென்னி என்றால் ஒரு செண்ட். 100 செண்ட் சேர்ந்தால்தான் ஒரு டாலர். அதாவது ஒரு காசு கொண்டு வந்தாலும் வாங்கிக்கொள்கிற வங்கி என்று பெயரிலேயே சொல்லிவிட்டார். திறந்த அன்றைக்கு 8,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. 100 டாலருக்கு மேல் போட்டவரும் உண்டு. ஒருத்தர் போட்டது வெறும் 31 செண்ட். அதையும் மரியாதையாக வாங்கிக் கணக்கில் வைத்தார்கள்.

பிள்ளைகளுக்குச் சின்ன அட்டைப் பெட்டி உண்டியல் கொடுத்தார்கள். கையில் கிடைக்கிற ஒவ்வொரு செண்ட்டையும் அதில் போடணும். ஒரு டாலர் சேர்ந்ததும் வங்கியில் கணக்குத் தொடங்கலாம். எனக்கு இதில்தான் பெரிய பாடம் தெரியுது. சேர்த்து வை, சேர்த்து வை என்று வாயால் சொன்னால் பிள்ளைக்கு அது புத்திமதி மட்டும்தான். போட ஒரு பெட்டி, எட்டிப் பிடிக்க ஒரு டாலர் என்ற எல்லை, அதற்கப்புறம் பெரியவங்களைப் போல ஒரு கணக்கு, இந்த மூணும் இருந்ததால் அது பழக்கம் ஆச்சு.

பெரியவங்க சேமிப்பும் வீணாகலை. அந்த வங்கி கொடுத்த கடனில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் சொந்த வீடு வாங்கின. 1924-ல் சங்கத்தில் 50,000 பேருக்கு மேல் இருந்தார்கள்.

அவருக்குக் கஷ்டமே வரலை என்று இல்லை. 1905-ல் ஆரம்பித்த பெரிய கடையை 1911-ல் மூட வேண்டி வந்தது. 1915-ல் திருடன் என்று நினைத்து மகன் சுட்டதில் கணவர் இறந்து போனார். கடைசி வருஷங்களில் நடக்க முடியாமல் சக்கர நாற்காலியில் இருந்தபடியே வேலை பார்த்தார். 1929-க்குப் பிறகு அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடிப்போய் ஜனங்கள் பணத்தை இழந்தார்கள். மேகி அம்மா தன் வங்கியை ஊரில் இருந்த மற்ற கறுப்பின மக்களின் வங்கிகளோடு சேர்த்து ஒன்றாக்கினார். அதனால் அது தப்பித்தது. 1934 டிசம்பர் 15-ல் அவர் காலமானார். அவர் வாழ்ந்த வீடு இன்றைக்கும் நினைவிடமாக இருக்கிறது.

சகோதரிகளே, நம்ம வீட்டுப் பிள்ளைகளின் உண்டியலை அவசரத்துக்கு நாமே உடைத்து எடுத்துவிட்டால் அவங்க என்ன கத்துக்குவாங்க? 10 வயசு ஆன பிள்ளை தன் பேரிலேயே தபால் ஆபீஸில் சேமிப்புக் கணக்கு நடத்தலாம். உண்டியல் நிறைந்ததும் பிள்ளையையே கூட்டிக்கிட்டுப் போய், அதன் கையாலேயே பணத்தைக் கட்ட வைப்போம். பாஸ்புக்கையும் அதன் கையிலேயே கொடுப்போம்.