ஏழு முறை வீழ்ந்தும் எழுந்தவர்

குத்துச்சண்டை கற்க வருவோர் முதல் சில வாரங்கள் தொங்கும் மூட்டையையும் வெறும் காற்றையும்தான் குத்திக் கொண்டிருப்பர். மூட்டை திருப்பி அடிப்பதில்லை. அதனால், தமக்கு எல்லாம் வந்துவிட்டது என்ற எண்ணம் பலருக்கும் விரைவிலேயே தோன்றிவிடுகிறது. பயிற்சியாளர் ஒருநாள் எதிரே ஓர் ஆளை நிறுத்தும்போது அந்த எண்ணம் கலைகிறது. அடி வரும்போது கண் தானாக மூடிக்கொள்கிறது, மூச்சு நின்றுவிடுகிறது, கால்கள் பின்னிக்கொள்கின்றன.

இந்தப் பயிற்சிச் சண்டையில் வெற்றி, தோல்வி என்று எதுவுமில்லை. கண்ணைத் திறந்து வைத்திருப்பதும், மூச்சைச் சீராக விடுவதும், குத்திய கையை உடனே முகத்துக்குக் காவலாகக் கொண்டுவருவதும்தான் அதில் கற்க வேண்டிய பாடம். இப்பாடத்தைக் கற்காமல் களம் இறங்கினால் என்ன நேரும், கற்றதை மறந்தால் என்ன நேரும் என்ற இரண்டுக்கும் ஒரே மனிதரின் வாழ்க்கை சான்றாக நிற்கிறது. அவர், உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன் பட்டத்தை ஏறத்தாழ 12 ஆண்டுகள் தன்னிடமே வைத்திருந்த ஜோ லூயிஸ்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பருத்தி விளையும் சேம்பர்ஸ் மாவட்டத்தில், குத்தகை விவசாயக் குடும்பமொன்றில் 1914-ஆம் ஆண்டு மே 13-ஆம் தேதி பிறந்தார் அவர். இயற்பெயர் ஜோசப் லூயிஸ் பாரோ. எட்டுக் குழந்தைகளில் ஏழாமவர். நினைவு தெரியும் முன்பே தந்தை மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். தாய் லில்லி மறுமணம் செய்துகொண்டார். 1926-ஆம் ஆண்டு அக்குடும்பம் பிழைப்புத் தேடி டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது. தென் மாநிலங்களின் நிறவெறிக்கு அஞ்சியும், வடக்கின் தொழிற்சாலைகளை நம்பியும் அந்நாளில் பல லட்சம் கறுப்பின மக்கள் மேற்கொண்ட பயணம் அது.

மகன் வயலின் கற்க வேண்டும் என்று விரும்பினார் தாய். வறுமையிலும் வகுப்புக்கென்று காசு கொடுத்தார். அந்தக் காசு, பிரூஸ்டர் பொழுதுபோக்கு மையத்தில் இயங்கிய குத்துச்சண்டைக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வயலின் பெட்டிக்குள் கையுறைகளை ஒளித்து எடுத்துச் சென்றதாக அவரைப் பற்றிச் சொல்லப்படுவதுண்டு. உண்மை தெரிந்தபோது தாய் தடுக்கவில்லை. எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதில் முழு மனத்தோடு உழைக்க வேண்டும் என்பதையே அவர் எதிர்பார்த்தார்.

1932-ஆம் ஆண்டு முதல் அமெச்சூர் போட்டி. எதிரே நின்றவர் ஜானி மைலர். அவ்வாண்டு லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகக் களம் கண்டவர். அனுபவமற்ற இளைஞர் ஒருவரை அத்தகையவர் முன்பு நிறுத்தியது முறையல்ல. ஏழு முறை தரையில் வீழ்த்தப்பட்டார் லூயிஸ். அதன் பிறகு சில காலம் கூடத்தின் பக்கமே போகவில்லை. ஃபோர்டு ஆலையில் கூலி வேலைக்குச் சென்றார். அவர் அங்கேயே தங்கியிருந்தால், அந்த ஏழு வீழ்ச்சிகளை இன்று யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

அவர் கூடத்துக்குத் திரும்பினார். பலம் முன்பே இருந்தது. அடிப்படைகளைத்தான் மீண்டும் முதலிலிருந்து கற்றார். 1934-ஆம் ஆண்டு ஏப்ரலில் தேசிய அமெச்சூர் பட்டத்தை வென்றார். அவ்வாண்டு ஜூலை 4-ஆம் தேதி சிகாகோவில் தொழில்முறைப் போட்டியில் அடியெடுத்து வைத்தார். அப்போது அவருக்கு ஆசானாக வாய்த்தவர் ஜேக் பிளாக்பர்ன் என்ற முன்னாள் வீரர். குத்தின் வலிமை தோளிலிருந்து மட்டும் பிறப்பதில்லை, பாதம் தரையில் ஊன்றும் விதத்திலிருந்து பிறக்கிறது என்பதை நாள்தோறும் கற்பித்தார் பிளாக்பர்ன். நடுவர்கள் நிறம் பார்த்துத் தீர்ப்பளிக்கக் கூடிய காலம் அது. எனவே, புள்ளிகளை நம்பாமல் எதிராளியை வீழ்த்தியே வெல்ல வேண்டும் என்றும் சொல்லிவைத்தார்.

தொடர் வெற்றிகள் வந்தன. அவற்றோடு அலட்சியமும் வந்தது. 1936-ஆம் ஆண்டு ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங்குடன் மோத வேண்டிய நேரத்தில், பயிற்சியைக் காட்டிலும் கோல்ஃப் மைதானமே லூயிஸை அதிகம் ஈர்த்தது. ஷ்மெலிங்கோ லூயிஸின் ஆட்டங்களை உன்னிப்பாக ஆராய்ந்திருந்தார். இடது கையால் குத்திய பின் லூயிஸ் அக்கையைத் தாழ்த்திவிடுவதை அவர் கண்டுகொண்டார். ஜூன் 19-ஆம் தேதி நியூயார்க்கில் அந்த இடைவெளியில் ஷ்மெலிங்கின் வலது கை மீண்டும் மீண்டும் இறங்கியது. 12-ஆவது சுற்றில் லூயிஸ் எழ முடியாமல் வீழ்ந்தார். குத்திய கையை முகத்துக்குத் திருப்பிக் கொண்டுவா என்பது, கற்க வந்த முதல் வாரத்தில் சொல்லித் தரப்படும் பாடம். அதைத்தான் அவர் மறந்திருந்தார்.

அந்தத் தோல்வியை ஹிட்லரின் ஆட்சி தனது இனவாதத்துக்கான விளம்பரமாக்கிக் கொண்டது. லூயிஸ் மறுபடியும் பயிற்சிக் கூடத்துக்குப் போனார். இடது கையைத் திருத்திக் கொண்டார். 1937-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் தேதி ஜேம்ஸ் பிராடக்கை வென்று உலக சாம்பியனானார். சரியாக ஓராண்டு கழித்து, அதே நாளில், சுமார் 70,000 பேர் கூடியிருந்த யாங்கி மைதானத்தில் ஷ்மெலிங்கை 124 விநாடிகளில் வீழ்த்தினார். ஒரு கறுப்பின இளைஞரின் வெற்றியைத் தன் வெற்றியாக அமெரிக்கா முழுவதும் கொண்டாடிய அரிய இரவு அது. ஷ்மெலிங் நாஜிக் கட்சியில் சேராதவர் என்பதையும், பின்னாளில் இருவரும் நண்பர்களானார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

தொடர்ந்து 25 முறை பட்டத்தைத் தக்கவைத்தார் லூயிஸ். உலகப் போரின்போது ராணுவத்தில் சேர்ந்து, படைவீரர்களுக்காக ஏராளமான காட்சிப் போட்டிகளில் ஆடினார். இரு பட்டப் போட்டிகளில் கிடைத்த பணத்தைக் கடற்படை, தரைப்படை நல நிதிகளுக்கு வழங்கினார். ஆயினும், வருமான வரித் துறையின் நிலுவைக் கணக்கு அவரைத் துரத்தியது. 1949-ஆம் ஆண்டு ஓய்வு பெற்றவர், கடனுக்காகவே மீண்டும் களம் இறங்கினார். 1951-ஆம் ஆண்டு ராக்கி மார்சியானோ அவரை எட்டாவது சுற்றில் வீழ்த்தினார். தேசம் கொண்டாடிய வீரர், இறுதிக் காலத்தில் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதியொன்றில் விருந்தினரை வரவேற்கும் வேலை பார்த்தார். 1981-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் தேதி காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார்.

களத்தில் அவரைக் காக்க ஓர் ஆசான் இருந்தார். களத்துக்கு வெளியே, பணத்தையும் வரியையும் கையாள, அப்படி ஒருவர் அவருக்கு வாய்க்கவில்லை. இளம் வீரர்களை உருவாக்குவோர் மறக்கக் கூடாத செய்தி இது.

பயிற்சிக்கூடங்களை நடத்துவோருக்கு அவரது வாழ்க்கை சொல்லும் செய்தி இன்னொன்றும் உண்டு. தொடக்கநிலை வீரரை வலிமை மிக்கவர் முன் நிறுத்தித் துணிவைச் சோதிப்பது பயிற்சியாகாது. அத்தகைய அடிக்குப் பின் திரும்பி வந்தவர் ஜோ லூயிஸ் ஒருவர். திரும்பி வராதவர்களின் பெயர்களை வரலாறு குறித்து வைப்பதில்லை. தகுந்த இணை, நிதானமான வேகம், தேவையான இடத்தில் நிறுத்தச் சொல்லும் ஆசான் ஆகிய மூன்றும் அமைந்தால், வாங்கும் அடியும் பாடமாகும். அவை அமையாத இடத்தில் அது வெறும் காயம்தான்.