ஹென்றி பாஸெட்

இங்கிலாந்து தேசத்துப் பார்லிமெண்டிலே, இந்தியாவின் பிரதிநிதி என்று பிறர் அழைக்கும்படி வீற்றிருந்த ஹென்றி பாஸெட் என்பார் இரு கண்ணும் இழந்தவர் என்பதை நம்மிற் பலர் கேள்வியுற்றிருக்கலாம். அக்கண்களைப் போக்கியது அவரைப் பெற்ற தந்தையின் துப்பாக்கியே என்பதைச் சிலரே அறிவர். அன்னாரது அரசியற் பணியைச் சரித்திர நூல்கள் விரித்துரைக்கும். யாம் ஈண்டுச் சொல்லப் புகுந்தது பெரும்பாலும் அந்தத் தந்தையும் மைந்தனும் பற்றியது.

பாஸெட் 1833ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 26ஆம் நாள் சாலிஸ்பரி என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் வில்லியம் பாஸெட் வட இங்கிலாந்திலிருந்து அவ்வூரில் வந்து குடியேறித் துணி வாணிகம் நடத்தியவர். 1832இல் நகரத் தலைவருமானார். பிற்காலத்தில் பயிர்த்தொழிலை மேற்கொண்டார். சீர்திருத்தக் கட்சியிற் பேரார்வமுடையவர். அவ்வார்வம் மகனிடத்தும் குடிகொண்டது. பார்லிமெண்டிற் புகவேண்டுமென்பது ஹென்றிக்குப் பள்ளிப் பருவத்திலேயே எழுந்த ஆசை. கேம்பிரிட்ஜுச் சர்வகலாசாலையில் 1856ஆம் ஆண்டுக் கணிதப் பரீட்சையில் ஏழாமவராகத் தேறி, அவ்வாண்டே டிரினிட்டி ஹால் என்னுங் கல்லூரியில் உறுப்பினராய்த் தெரிந்தெடுக்கப் பெற்றார். பெருஞ்செல்வம் இல்லாதவர் அரசியலிற் புகுதற்கு வக்கீல் தொழிலே வாயில் எனக் கருதிச் சட்டம் பயிலலானார். இவ்வளவும் ஒழுங்காகவே நடந்தேறின.

1858ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 17ஆம் நாள் தந்தையும் மைந்தனும் சாலிஸ்பரிக்கு அருகிலுள்ள ஹார்னம் குன்றுக்குக் கௌதாரி வேட்டைக்குச் சென்றனர். மைந்தர் சிறிது தூரம் முன்னே சென்றுவிட்டார். தந்தைக்கோ ஒரு கண்ணிற் புரை படரத் தொடங்கியிருந்தது. பறவையொன்று எழக் கண்ட அவர், மைந்தர் நின்ற இடத்தை மறந்து சுட்டுவிட்டார். ஈயக் குண்டுகள் சில மார்பிற் பட்டும், தடித்த மேலாடை காத்தமையால் பெருங்கேடு விளைக்கவில்லை. இரண்டு குண்டுகள் மட்டும் அவர் அணிந்திருந்த நிறக் கண்ணாடியைத் துளைத்து, கண்ணுக்கொன்றாகப் பாய்ந்தன. அப்பொழுது அவருக்கு வயது 25.

பத்து நிமிஷத்திற்குள்ளாகவே, இதனால் தம் வாழ்க்கையின் போக்கு மாறுதல் ஆகாது என அவர் உறுதி கொண்டார் என்பர். வீட்டிற்குக் கொண்டுவரப் பெற்றதும், தமக்கு நாளிதழைப் படித்துக் காட்டும்படி தம் சகோதரியைக் கேட்டாராம். இதைப் படிக்குந்தோறும் எமக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. அது நெஞ்சுரத்தினால் மட்டும் கேட்டதா? அழுது நின்ற வீட்டாரை ஆற்றும் பொருட்டுக் கேட்டதா? இரண்டுமே என்று எண்ணத் தோன்றுகிறது.

தந்தையின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ! மகனுடைய புகழைத் தம் புகழாகக் கருதியிருந்தவர் அவர். தம் கையாலேயே அதனைக் கெடுத்துவிட்டதாக நினைந்து உருகினார். மகனோ ஒரு சொல்லும் நொந்து கூறாது, எப்பொழுதும் முகமலர்ச்சியோடே இருந்தார். அம்முகமலர்ச்சியே தந்தைக்குத் தாங்கவொண்ணாததாயிற்று. மகன் ஒருமுறையேனும் குறை கூறுவானாயின் தம் மனம் ஆறுமே என்று அவர் ஏங்கினாராம். கடிந்துரைப்பார் இல்லாத குற்றம், குற்றஞ் செய்தவரையே நீதிபதியாக்கிவிடுகிறது. அந்நீதிபதியிடம் இரக்கம் பெறுதல் அரிது. மைந்தரின் பொறுமை தந்தைக்கு மருந்தும் புண்ணுமாக ஒருங்கே இருந்ததென்றே யாம் கருதுகிறோம்.

மைந்தருக்கும் உள்ளத்தே துயரில்லை என்று நினைத்தல் தவறு. நண்பர்கள் இரங்கி எழுதிய கடிதங்களைப் படிக்கக் கேட்குந்தோறும் அவர் சோர்வுற்றார். கேம்பிரிட்ஜில் அவருக்குக் கணிதம் கற்பித்த ஹாப்கின்ஸ் என்பாரின் கடிதம் மட்டும் வேறு வகையாயிருந்தது. இன்னின்ன கலைகளைக் கண்ணின்றியும் பயிலலாம், ஆதலால் படிப்பை விடாதே என்பது அதன் கருத்து. நூறு இரங்கற் கடிதம் செய்யாததை அவ்வொரு கடிதம் செய்தது.

துன்பம் போக்கும் வழி யாதென இவர் ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. முன்பு செய்தவற்றையே மீண்டும் செய்யத் தொடங்கினார். நெடுந்தூரம் நடந்தார், குதிரை ஏறினார், தூண்டிலிட்டு மீன் பிடித்தார், குளிர்காலத்தில் கேம்பிரிட்ஜை அடுத்த சதுப்பு நிலங்களிலே நீர் உறைந்து பாறையாகுங்கால், நண்பர் குரலைத் துணைக்கொண்டு பனிக்கட்டியின்மேற் சறுக்கி ஓடினார். வழிகாட்ட ஒரு சிறுவனை அமர்த்திக்கொண்டு கல்லூரிக்குத் திரும்பினார். வக்கீல் தொழிலைக் கைவிட்டுப் பொருளாதார நூலில் மனத்தைச் செலுத்தினார். மறு ஆண்டே அபர்தீன் நகரில் அறிஞர் சங்கத்தின்முன் பேசினார். 1863இல் அவர் இயற்றிய பொருளாதார நூல் வெளிவந்தது. அவ்வாண்டே கேம்பிரிட்ஜில் அக்கலைக்குப் பேராசிரியராகி, இறக்குமளவும் அப்பதவியை வகித்தார்.

தேர்தல்களில் முதலில் தோல்வியே கண்டார். 1865இல் பிரைட்டன் நகரத்தார் அவரைத் தெரிந்தெடுத்தனர். இளமையிற் கண்ட கனவு, கண்ணிழந்தபின் நனவாயிற்று. அச்செய்தி சாலிஸ்பரியில் முதியவர் ஒருவரின் நெஞ்சுக்கு என்னவாயிருந்திருக்கும் என்பதை எழுதிக் காட்ட எம் எழுதுகோலுக்கு ஆற்றலில்லை.

1867இல் மில்லிசெண்டு காரெட் என்னும் நங்கையை மணந்தார். அவ்வம்மையார் கணவருக்குக் கண்ணாயிருந்து, படித்தும் எழுதியும் துணை புரிந்தார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டிப் பிற்காலத்தில் நெடும்போர் நடத்திய மில்லிசெண்டு பாஸெட் அவரே. மனைவிக்கு அவர் கண்ணாயினாரல்லர். எனினும், பெண்ணுரிமைக்காகப் பேசிய கணவர் வாய்த்தமை அவ்வம்மையாருக்குப் பெரும்பேறே.

அவ்வாண்டில் துருக்கி சுல்தானுக்கு லண்டனில் நடந்த நடன விருந்தின் செலவை இந்தியாவின் தலையிற் சுமத்தினர். ஏழைக் குடியானவன் செலுத்தும் வரிப்பணம் இதற்கோ என்று பாஸெட் எதிர்த்து நின்றார். அதுமுதல் இந்தியாவின் வரவு செலவுக் கணக்கு அவருக்குரிய பொருளாயிற்று. உறுப்பினர் பலரும் எழுந்துபோகும் அவ்விஷயத்தில், படிக்கக் கேட்டு நினைவிற் பதித்த எண்களைக் கொண்டே அவர் நெடுநேரம் பேசுவார். 1874இல் பிரைட்டனில் அவர் தோற்றபோது, மறுபடி தேர்தலில் நிற்கும் செலவுக்கென இந்தியாவிலே பொருள் திரட்டினர். அவ்வாண்டே ஹாக்னியிலிருந்து அவர் பார்லிமெண்டிற்கு மீண்டார். இந்தியாவை ஒருநாளும் கண்டறியாதவருக்கு, அவரை ஒருநாளும் கண்டறியாதோர் உதவினர்!

1880இல் கிளாட்ஸ்டன் மந்திரிசபையில் தபால் இலாகாவின் தலைவரானார். ஒரு பென்னித் தபால் தலைகளை ஒட்டிச் சேர்த்து ஒரு ஷில்லிங் ஆனதும் சேமிப்பு வங்கியில் இடும் முறை ஏழைகளுக்காக அவர் காலத்தில் வந்தது. தபால் வழியே சிப்பம் அனுப்பும் ஏற்பாடு 1883இல் தொடங்கிற்று. 1882இல் கடும் நோய்வாய்ப்பட்டுப் பிழைத்தெழுந்தார். 1884 நவம்பர் 6ஆம் நாள், 51ஆம் வயதில், கேம்பிரிட்ஜிற் காலமானார்.

அதன்பின் 1890இல் கேம்பிரிட்ஜுக் கணிதப் பரீட்சையில், ஆண்களுள் முதல்வராய்த் தேறியவருக்கும் மேலாக ஒரு பெண் நின்றார் என்னுஞ் செய்தி எங்கும் பரவியது. அப்பெண் பாஸெட்டின் ஒரே மகள் பிலிப்பா. அவருடைய சிலையோ, துணி வாணிகரின் மகனாய் அவர் வளர்ந்த சாலிஸ்பரியில், ஊர்ச் சந்தைத் திடலிலே 1887இல் நாட்டப்பெற்று நிற்கிறது.