ழான் பிரெடெரிக் ஓபர்லின்

ழான் பிரெடெரிக் ஓபர்லின் (ஆகஸ்ட் 31, 1740 – ஜூன் 1, 1826) பிரான்சின் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த லூத்தரன் திருச்சபைப் போதகர் ஆவார். ஐரோப்பிய மழலையர் கல்வியின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார்.

பின்னல் பள்ளிகள்

ஸ்திராஸ்பூர்க் நகரில் பிறந்த ஓபர்லின், 1767 இல் வோஜ் மலையிலுள்ள வால்டர்ஸ்பாக் சிற்றூருக்குப் போதகராக வந்தார். நல்ல பாதைகளற்ற வறிய பகுதி அது. பெற்றோர் வயலுக்குச் சென்றபின் சிறு குழந்தைகளைக் கவனிக்க ஆளில்லை. அருகிலிருந்த பெல்மோன் ஊரில் சாரா பான்செ என்னும் இளம்பெண் சிறுவர்களைக் கூட்டிப் பின்னல் வேலை கற்பித்து வந்தார். இதனை அறிந்த ஓபர்லின் அவரை ஊதியத்துக்கு அமர்த்தி, பிற ஊர்களிலும் இத்தகைய பள்ளிகளைத் தொடங்கினார். பிரீட்ரிக் புரோபெல் 1840 இல் தமது பள்ளிக்குக் கிண்டர்கார்டன் எனப் பெயரிடுவதற்கு ஏறத்தாழ 70 ஆண்டுகள் முற்பட்டது இம்முயற்சி.

பின்னல் ஏழைக் குடும்பங்களுக்குப் பயன்படும் தொழில்; குழந்தைகளை ஓரிடத்தில் அமர்த்தவும் அது உதவியது. பின்னிக்கொண்டே குழந்தைகள் விவிலியக் கதைகளைக் கேட்டனர், பாடல்கள் பாடினர். வட்டார வழக்கு மட்டுமே அறிந்த அவர்கள் பிரெஞ்சு மொழியும் கற்றனர். செடிகளைச் சேகரித்துப் பெயரறிதல், நிலப்படம் பார்த்தல் ஆகியனவும் பாடத்தில் இருந்தன.

வழிநடத்திய பெண்கள்

நிறுவனர் என்ற பெயர் பெரும்பாலும் ஓபர்லினுக்கே வழங்கப்படினும், முதல் எண்ணமும் அன்றாட உழைப்பும் பெண்களுடையவை. சாரா பான்செ 1774 இல் இளவயதிலேயே இறந்தார். ஓபர்லின் வீட்டுக்குப் பணிப்பெண்ணாக வந்த லூயிஸ் ஷெப்ளர் (1763–1837) பல்லாண்டுகள் இப்பள்ளிகளில் பணியாற்றினார். 1783 இல் ஓபர்லினின் மனைவி இறந்தபின் அவருடைய பிள்ளைகளையும் இவரே வளர்த்தார். 1829 இல் பிரெஞ்சு அகாதமி ஷெப்ளருக்கு நற்பண்புக்கான பரிசை வழங்கியது.

ஓபர்லினின் கல்லறை ஃபூதே சிற்றூரில் உள்ளது.